ஆகஸ்ட் 1 கணக்கு: ராமநாதபுரம் கடலோரத்து ஆர்.சி. ஆண்கள் பள்ளி எப்படி ஓடுகிறது

தொண்டியில் ஆரம்பித்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் வழியாக ராமேஸ்வரம் வரை கடலை ஒட்டிப் போனால், சர்ச்சும் பள்ளிக்கூடமும் ஒரே சுற்றுச்சுவருக்குள் இருக்கும் ஊர்கள் பல வரும். பெயர்ப்பலகையில் ஒரு புனிதரின் பெயர் பெரிதாக இருக்கும். அதன் கீழே சின்ன எழுத்தில் 'அரசு உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளி' என்றிருக்கும். ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் தேவையில்லை, அவர்கள் வாயில் அது வெறும் 'ஆர்.சி. ஸ்கூல்', அதாவது ரோமன் கத்தோலிக்கப் பள்ளி. கொஞ்சம் பெரிய ஊர் என்றால் பையன்களுக்கு ஒன்று, ரெண்டு தெரு தள்ளி சிஸ்டர்மார் நடத்தும் பெண்பிள்ளைகள் பள்ளி ஒன்று.

இந்தப் பள்ளிகளைப் பற்றி வெளியில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். கட்டுப்பாடு, ஒழுக்கம், நல்ல வாத்தியார், அந்தக் காலத்து ஃபாதர் பிரம்பு என்று உருகுவது ஒன்று. மதம் மாற்றத்தான் பள்ளி நடத்துகிறார்கள் என்று சந்தேகப்படுவது இன்னொன்று. இரண்டு தரப்பும் விட்டுவிடுகிற விஷயம் பள்ளியின் நிஜமான இயக்கம். கட்டடத்தின் சாவி மறைமாவட்டத்திடம் இருக்கிறது. சம்பளம் கருவூலத்திலிருந்து வருகிறது. வகுப்பில் உட்கார வேண்டிய பையன் வருவானா என்பதைக் கடல் முடிவு செய்கிறது. சபையும் கல்வித்துறையும் இதில் என்ன நினைத்தாலும், மூன்றாவது ஆள் சொல்வதுதான் கடைசியில் நடக்கிறது என்பது என் எண்ணம்.

செருப்புக் காசில் தொடங்கிய மானியம்

யார் காசில் பள்ளி நடக்கிறது என்ற கேள்வி இந்தக் கரைக்குப் புதிது அல்ல. 1530களின் நடுவில் முத்துக்குளித்துறைப் பரவர்கள் கூட்டமாகக் கத்தோலிக்க வேதத்தில் சேர்ந்தார்கள். 1542ல் இயேசு சபைக் குரு பிரான்சிஸ் சவேரியார் வந்தார். கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் பெயர்த்து வைத்த செபங்களைச் சொல்லிக்கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தார். அவர் ஒவ்வொரு ஊரிலும் உட்கார்ந்துவிட முடியாது. அதனால் ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்தார். பிறப்பு, கல்யாணம் எழுதிவைப்பது, பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுப்பது இரண்டும் அந்த ஆளின் வேலை.

கணக்கப்பிள்ளைக்குச் சம்பளம்? இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. முத்துக்குளித்துறை வரியிலிருந்து போர்த்துகல் அரசி கத்தரினாவின் செருப்புச் செலவுக்கென்று 4000 பணம் (அந்தக் கால நாணயம்) ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதை இந்தக் கணக்கப்பிள்ளைகளின் செலவுக்கு விட்டுவிடும்படி சவேரியார் கேட்டு வாங்கினார். அரசி மோட்சத்துக்கு நடந்துபோக இந்தப் பிள்ளைகளைவிட நல்ல செருப்பு கிடைக்காது என்பது அவர் சொன்ன நியாயம். ஆள் சபையுடையவர், காசு அரசாங்கத்துடையது, அந்தக் காசோ இதே கடலில் மூச்சடக்கி முத்தெடுத்தவன் கட்டிய வரி. நானூற்று எண்பது வருஷம் ஆகிறது, ஏற்பாட்டின் எலும்புக்கூடு பெரிதாக மாறவில்லை.

அந்தக் காலத்தை ரொம்பவும் புனிதமாக்கிப் பார்க்கவும் தேவையில்லை. மண்டபத்துக்குப் பக்கத்து வேதாளையில் 1549ல் அந்தோணி கிரிமினாலி என்ற இத்தாலியக் குரு கொல்லப்பட்டார். இயேசு சபையின் முதல் வேதசாட்சி என்று அவரைச் சொல்வார்கள். ஆனால் சண்டை கிளம்பியதற்குக் காரணம் வேதம் இல்லை. ராமேஸ்வரம் போகிற யாத்ரீகர்களை மறித்துப் போர்த்துகீசியத் தளபதி வரி பிடுங்கினான், அதில் வந்த வினை. 1693 பிப்ரவரி 4ல் ஓரியூரில் போர்த்துகீசியக் குரு அருளானந்தர் தலை வெட்டப்பட்டதற்கும் ராமநாதபுரத்து மன்னர் கிழவன் சேதுபதியின் அரண்மனைக்குள் நடந்த குடும்ப, வாரிசு அரசியலுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. இன்று ஓரியூர் இந்த மாவட்டத்துக் கத்தோலிக்கர்களின் பெரிய திருத்தலம். பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் அருளானந்தர் பெயர் அடிக்கடி வருவது அதனால்தான்.

அப்புறம் நீண்ட இடைவெளி. 1773ல் போப்பாண்டவரே இயேசு சபையைக் கலைத்தார். 1814ல் சபை மறுபடி உயிர்பெற்று, 1838ல் பிரெஞ்சுக் குருக்கள் மதுரை மிஷனுக்குத் திரும்பினார்கள். 1844ல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய செயின்ட் ஜோசப் கல்லூரி 1883ல் திருச்சிக்கு மாறியது. கடலோரப் பையன் பள்ளி முடித்தால் அடுத்து திருச்சி என்ற பாதை அப்படிப் போடப்பட்டதுதான்.

ஸ்வார்ட்ஸ் வேறு, ஆர்.சி. வேறு

அப்துல் கலாமும் அந்தப் பாதையில் போனவர்தான். 1950ல் செயின்ட் ஜோசப்பில் சேர்ந்து 1954ல் இயற்பியல் பட்டம் வாங்கினார். அதற்கு முன் அவர் படித்த ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியையும் கத்தோலிக்கப் பள்ளி என்றே வெளியூர்க்காரர்கள் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது சீர்திருத்த சபைப் பள்ளி, இன்றைக்கு சி.எஸ்.ஐ.

இந்த வித்தியாசம் வெறும் சபை வித்தியாசம் இல்லை, இட வித்தியாசமும்கூட. ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் 1780களில் தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை என்று அரண்மனை இருந்த ஊர்களில் ஆங்கிலப் பள்ளி வைத்தார். அரண்மனை வீட்டுப் பிள்ளைகளும் உத்தியோகத்துக்குப் போகிறவர்களும் அங்கே இங்கிலீஷ் படிக்க வேண்டும் என்பது திட்டம். கிழக்கிந்தியக் கம்பெனி அந்தப் பள்ளிகளுக்கு வருஷத்துக்கு 250 வராகன் கொடுத்தது. ஆர்.சி. பள்ளிகள் அப்படிப் பிறக்கவில்லை. பங்கு எங்கே இருந்ததோ, சனம் எங்கே இருந்ததோ அங்கே, பெரும்பாலும் கோயில் திண்ணையில், செபம் சொல்லிக்கொடுத்த இடத்தில் எழுத்தும் சேர்ந்துகொண்டு பள்ளியானது. ஒன்று ஆபீஸைப் பார்த்து வளர்ந்தது, மற்றது கடலைப் பார்த்து. ராமநாதபுரம் டவுனில் ராஜா பள்ளி, சையது அம்மாள் பள்ளி, ஸ்வார்ட்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தன் கூட்டம் உண்டு. கரையோர ஆர்.சி. பள்ளிக்குக் கரைதான் கூட்டம்.

ஆண்கள் பள்ளி ஏன்?

சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. பள்ளி நடத்திய துறவு சபைகளே ஆண் சபை, பெண் சபை என்று பிரிந்திருந்தன. ஃபாதர்மாரும் பிரதர்மாரும் பையன்களுக்கு, சிஸ்டர்மார் பெண்பிள்ளைகளுக்கு. கூடவே போர்டிங். போக்குவரத்து இல்லாத காலத்தில் பள்ளி என்றால் பாதி விடுதிதான். திருவாடானை, ஆர்.எஸ். மங்கலம் பக்கத்து வானம் பார்த்த பூமியில் மழை பொய்த்த வருஷங்களில் போர்டிங்கில் சேர்த்துவிட்டால் பையனுக்கு மூன்று வேளை கஞ்சியாவது நிச்சயம் என்று கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் ஏராளம். ஒரே வளாகத்தில் படுத்து எழுகிற இடத்தில் ஆண், பெண் இருவரையும் வைக்க அந்தக் காலத்தில் யாரும் யோசித்திருக்கவே மாட்டார்கள்.

இந்தப் பிரிவு ஒரு தற்செயலான நன்மையையும் செய்தது என்று சொல்ல வேண்டும். பெண்பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளி, அதுவும் சிஸ்டர்மார் நடத்துவது என்றவுடன், வயசுக்கு வந்த பிள்ளையை வீட்டிலேயே நிறுத்திவிடும் குடும்பங்களும் தயங்காமல் அனுப்பின. முஸ்லிம் வீடுகளிலிருந்தும் அனுப்பினார்கள். அதன் பலன் இன்றைக்கு வேறு விதமாகத் தெரிகிறது. கரையில் பெண்பிள்ளைகள் படித்து முடிக்கிறார்கள், பையன்கள்தான் நடுவில் கழன்றுகொள்கிறார்கள். மாநிலம் முழுக்கவே இந்தச் சாய்வு உண்டு. 2024 பத்தாம் வகுப்புத் தேர்வில் மாணவிகள் 94.53 சதவீதம், மாணவர்கள் 88.58 சதவீதம் தேர்ச்சி. அதே வருஷம் ராமநாதபுரம் மாவட்டம் 96.36 சதவீதத்துடன் மாநிலத்தில் மூன்றாவது இடத்துக்கு வந்தது. மத்திய அரசு 2018ல் பின்தங்கிய மாவட்டங்கள் பட்டியலில் வைத்த ஊர் இது என்பதை நினைத்தால் பெரிய சாதனைதான். ஆனால் தேர்ச்சி சதவீதம் பரீட்சை எழுதியவனை மட்டும்தான் எண்ணும். ஒன்பதாம் வகுப்போடு படகேறிவிட்டவன் அந்த எண்ணில் எந்தப் பக்கமும் இல்லை.

கிராண்ட், ஃபிக்ஸேஷன், சர்ப்ளஸ்

இப்போது காசு விஷயத்துக்கு மறுபடி வரலாம். 1854ல் லண்டனிலிருந்து வந்த உட் அறிக்கை, தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரலாம், பதிலுக்கு அரசு ஆய்வுக்கு அவை உட்பட வேண்டும் என்றது. மெட்ராஸ் மாகாணத்தில் மறுவருஷமே மானிய விதிகள் வந்தன. மிஷன் பள்ளிகள் அதைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தன. விடுதலைக்குப் பிறகு அரசியல் சாசனத்தின் 30வது பிரிவு, சிறுபான்மையினர் தாங்கள் விரும்பும் கல்வி நிலையத்தை அமைத்து நடத்தும் உரிமையைக் கொடுத்தது. மானியம் கொடுக்கும்போது சிறுபான்மை நிர்வாகம் என்பதற்காக ஓரவஞ்சனை கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. காமராஜர் காலத்தில் கட்டணங்கள் படிப்படியாகப் போயின, மதிய உணவு வந்தது. ஆர்.சி. பள்ளி தமிழ் மீடியத்தில் படிப்பு இலவசம், பாடப்புத்தகம் இலவசம், பஸ் பாஸ், பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள் எல்லாம் அரசுப் பள்ளி மாதிரியேதான்.

உள்ளே நடக்கிற ஏற்பாடு இது. ஆசிரியரைத் தேர்ந்தெடுத்து நியமிப்பது நிர்வாகம், அதாவது மறைமாவட்டமோ துறவு சபையோ. இந்த மாவட்டம் 1987ல் உருவான சிவகங்கை மறைமாவட்டத்தில் வருகிறது. தாளாளர் பல இடங்களில் பங்குச்சாமியே. நியமனத்துக்குக் கல்வி அலுவலர் ஒப்புதல் கொடுத்த பிறகுதான் அரசுச் சம்பளம் வரும். ஒப்புதல் இழுத்துக்கொண்டே போனால் சம்பளம் இல்லாமல் மாசக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் வேலை பார்ப்பவர்கள் உண்டு. மதம்? 28வது பிரிவின்படி அரசு உதவி பெறும் பள்ளியில் யாரையும், பெற்றோர் சம்மதம் இல்லாமல், மதபோதனைக்கு உட்காரவைக்க முடியாது. அதனால் கத்தோலிக்கப் பையன்கள் மறைக்கல்விக்குப் போகும் நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. நடைமுறையில் அந்தப் பீரியட் பெரும்பாலும் கணக்கு வாத்தியார் கைக்குப் போய்விடும் என்பது எல்லா ஆர்.சி. பையன்களுக்கும் தெரியும்.

முக்கியமான இரண்டு பூட்டுகள் இங்கேதான் இருக்கின்றன. ஒன்று, 1991–92க்குப் பிறகு தொடங்கிய பள்ளிக்கோ புதிதாகத் திறந்த வகுப்புக்கோ தமிழ்நாட்டில் மானியம் கிடையாது. ஆகவே ஆங்கில மீடியம் ஆரம்பித்தால் அது பெரும்பாலும் சுயநிதி. அதே சுவருக்குள் ஒரு வாத்தியாருக்கு அரசுச் சம்பளம், பக்கத்து அறையில் அதே பாடம் எடுப்பவருக்கு நிர்வாகம் கொடுக்கும் சொற்பத் தொகை. ஸ்டாஃப் ரூமில் இது பேசப்படாத விஷயமாகவே இருக்கும், ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

இன்னொன்று ஸ்டாஃப் ஃபிக்ஸேஷன். ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் எத்தனை பேர் என்பதை வைத்துத்தான் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் பணியிடம் என்று கல்வித்துறை நிர்ணயிக்கிறது. 1997ன் அரசாணை 525 நாற்பது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்றது. கல்வி உரிமைச் சட்டத்துக்குப் பின் கீழ் வகுப்புகளின் விகிதம் இன்னும் குறைந்தது. ஸ்ட்ரென்த் இறங்கினால் ஒரு பிரிவு போகும். பிரிவு போனால் ஒரு பணியிடம் 'சர்ப்ளஸ்', அதாவது உபரி, ஆகும். அதில் இருப்பவரை வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள், அல்லது அவர் ஓய்வுபெறும்போது அந்த இடம் அப்படியே கருகிவிடும். கருகிய இடம் மறுபடி துளிர்க்க எத்தனை மனு போட வேண்டும் என்று தலைமையாசிரியர்களைக் கேட்டால் பெருமூச்சுதான் பதிலாக வரும்.

ஜூன் 14க்கும் ஆகஸ்ட் 1க்கும் நடுவில்

இந்த ஒரு தேதி, கடலோரத்தில் எப்படி வந்து இடிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். 2017க்கு முன் அது 45 நாளாக இருந்தது. படகுகள் கரையில் ஏறிக் கிடக்கும். மரவேலை, பெயின்ட், இன்ஜின், வலை என்று முதலாளிக்குச் செலவு, கூலிக்காரனுக்கு வருமானம் இல்லை. நிவாரணத் தொகை வரும், இப்போது குடும்பத்துக்கு 8,000 ரூபாய். அது இரண்டு மாசத்துக் கடனின் ஒரு ஓரத்தை அடைக்கும். இந்த வறட்சியின் கடைசி வாரங்களில்தான் பள்ளி திறக்கிறது. யூனிஃபார்ம் தையல்கூலி, நோட்டு, ஷூ, ஆங்கில மீடியம் என்றால் ஃபீஸ். கட்டுவதற்குக் கையில் ஒன்றும் இல்லாத நேரம் பார்த்துப் பள்ளி மணி அடிக்கும்.

ஜூன் 14 நள்ளிரவு தாண்டியதும் படகுகள் இறங்கும். இரண்டு மாசம் கடல் ஓய்ந்திருந்ததால் முதல் சில வாரம் மீன்பாடு நன்றாக இருக்கும், இறால் கிடைக்கும். ஆள் தட்டுப்பாடும் அப்போதுதான். டீசல், ஐஸ், பேட்டா கழித்து மிச்சத்தில் படகுக்கு ஒரு பாகம், ஆட்களுக்கு ஒரு பாகம் என்று பிரிக்கும் தொழிலில், பதினைந்து பதினாறு வயதுப் பையன் ஏறினாலும் ஒரு பங்கோ அரைப் பங்கோ உண்டு. அவன் கையில் முதல் முறையாகப் பணம் வரும். அந்தப் பணத்தை அம்மாவிடம் கொடுக்கும்போது வீட்டில் அவன் உட்காரும் இடமே மாறிவிடும். இதோடு எந்தப் பாடத்திட்டம் போட்டி போட முடியும்?

ராமேஸ்வரத்தில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாள்கள் என்று கரைக்குள்ளேயே ஒரு ஒழுங்கு உண்டு. விசைப்படகு காலையில் போய் மறுநாள் காலை கரை திரும்பும். படகு திரும்பும் காலைகளில் முதல் பீரியட் கொஞ்சம் காலியாக இருக்கும். பெட்டி இறக்க, மீன் பிரிக்க, ஐஸ் தட்டப் போனவன் குளித்தும் குளிக்காமலும் ஒன்பதே முக்காலுக்கு வந்து வாசலில் நிற்பான். கண்டிப்பான வாத்தியார் வெளியே நிறுத்துவார். கெட்டிக்கார வாத்தியார் உள்ளே விட்டுவிட்டு மதியம் கேட்பார். முதலாமவரின் வகுப்பில்தான் ஜூலைக்குள் பெயர்கள் குறையும்.

முழுதாகவே வராமல் போனவனைத் தேடி வாத்தியார் பைக்கில் கரைக்குப் போவதும் உண்டு. ஏலம் நடக்கிற இடத்தில் அப்பாவைப் பிடித்தால் பேச்சு கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும்:

"என்னண்ணே, தம்பி ரெண்டு வாரமா வரலையே?"

"ஆளு ஒருத்தன் வரல சார். ரெண்டு கடலுக்கு மட்டும்தான் போயிருக்கான். அடுத்த வாரம் அனுப்பிருறேன்."

"போன வாரமும் இதான் சொன்னீங்க. பேரை எடுத்துட்டா மறுபடி சேர்க்கிறது கஷ்டம்ணே."

"பேரு இருக்கட்டும் சார். பேரை மட்டும் எடுத்துராதீங்க."

அப்பாவுக்கும் பெயர் வேண்டும், பள்ளிக்கும் பெயர் வேண்டும். இருவருக்கும் வேண்டிய அந்தப் பெயர்தான் ஆகஸ்ட் 1 அன்று எண்ணப்படுகிறது. முன்பெல்லாம் நோட்டில் பெயர் இருந்தால் போதும். இப்போது கல்வித்துறையின் எமிஸ் இணையதளத்தில் தினசரி வருகையே ஏறுகிறது. நீண்ட நாள் வராதவனை ஒளித்துவைக்க முடியாது. இது நல்லதுதான், பொய்க்கணக்கில் பணியிடம் வாங்கிய பள்ளிகளும் நாட்டில் இருக்கத்தான் செய்தன. ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. கடலோரப் பள்ளியின் கணக்கை, கடலுக்கு ஆள் அதிகம் வேண்டியிருக்கும் பருவத்தின் நடுவில் எடுப்பது நியாயமா? தேதியைக் கடலைப் பார்த்து வைக்கவில்லை என்பது தெளிவு.

இதன் மேல் இலங்கைப் பிரச்சினை. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அப்பா யாழ்ப்பாணம் பக்கத்துச் சிறையில் இருக்கிறார், படகு திரும்பி வராது என்றால், மூத்த பையனின் படிப்பு அன்றைக்கே நின்றுவிடும். இலங்கை 2018ல் சட்டத்தைத் திருத்தி அபராதத்தைக் கடுமையாக்கிய பிறகு ஒரு கைது என்பது அந்த வீட்டுக்குப் பல வருஷக் கடன். அதைப் பள்ளியால் ஒன்றும் செய்ய முடியாது. பங்கில் கொஞ்சம் பணம் திரட்டிக் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

பணியிடம் போனால் பையனுக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஓர் உதாரணம் சொல்கிறேன். கடலைத் தெரிந்த பையனுக்குக் கடலோரக் காவல்படை இயல்பான வேலை. மண்டபத்தில் அவர்கள் நிலையம் இருக்கிறது, உச்சிப்புளியில் கடற்படையின் விமானதளம் ஐ.என்.எஸ். பருந்து இருக்கிறது. தினமும் தலைக்கு மேலே ஹெலிகாப்டரைப் பார்த்து வளர்கிறவர்கள் இவர்கள். ஆனால் காவல்படையில் பொதுப்பணி நாவிக் (மாலுமி) வேலைக்கு பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். பள்ளியில் இயற்பியல் முதுகலை ஆசிரியர் ஓய்வுபெற்று அந்த இடம் நிரப்பப்படாமல் போனால் சயின்ஸ் குரூப் ஆட்டம் காணும். கடைசியில் மிச்சமிருப்பது ஆர்ட்ஸ் குரூப் மட்டும். நீந்தவும் படகு ஓட்டவும் தெரிந்த பையனுக்கு அந்தக் கதவு அடைபடுவது அவன் மார்க் குறைந்ததால் அல்ல, ஐந்து வருஷம் முன்னால் ஆறாம் வகுப்பில் பத்துப் பேர் குறைந்ததால்.

ஆறாம் வகுப்பில் நடக்கும் கசிவு

அந்தப் பத்துப் பேர் எங்கே போனார்கள்? எல்லாரும் கடலுக்கு இல்லை. கொஞ்சம் வசதி வந்த வீடுகள் மெட்ரிக் வேன் பிடிக்கின்றன, அது தெரிந்த கதை. புதிதாக இன்னொரு பக்கமும் ஓட்டை விழுந்திருக்கிறது. 2020ல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. 2021ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அரசு உதவி பெறும் பள்ளிக்கு இது கிடையாது. உயர் நீதிமன்றமும் 2022ல் ஒதுக்கீட்டை அப்படியே உறுதி செய்தது.

அதே மீனவன் வீட்டுப் பையன், அதே தமிழ் மீடியம், அதே சத்துணவு. ஆனால் ஆர்.சி. பள்ளியில் படித்ததற்காக அவனுக்கு ஒதுக்கீடு இல்லை. நிர்வாகம் தனியார் என்பதால் பையனும் தனியார் ஆகிவிடுகிறானா? அரசின் வாதத்திலும் ஒரு நியாயம் உண்டு, எங்காவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் கோடு விழுந்த இடம் இந்தக் கரைக்குப் பொருந்தவில்லை. விவரம் தெரிந்த அம்மாக்கள் ஐந்தாம் வகுப்போடு டி.சி. வாங்கிக்கொண்டு அரசுப் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். நன்றாகப் படிக்கிற பையன் முதலில் போகிறான்.

மற்ற திட்டங்களில் அரசு இந்தக் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துவருகிறது. காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15ல் ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் ஓர் ஆர்.சி. தொடக்கப் பள்ளியில்தான் அதைத் தொடங்கினார்கள். கல்லூரிக்குப் போகும் பையன்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் உதவிபெறும் பள்ளித் தமிழ் மீடியம் மாணவர்களும் உண்டு. ஒதுக்கீடு மட்டும் அப்படியே நிற்கிறது.

ஆசிரியர் பக்கத்திலும் ஒரு தொங்கல். 2014ல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம் கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்றது. அதை வைத்து ஆசிரியர் தகுதித் தேர்வும் (டெட்) வேண்டாம் என்று இருந்தார்கள். 2025 செப்டம்பர் 1ல் வந்த தீர்ப்பு, பணியில் இருப்பவர்களும் டெட் தேற வேண்டும் என்று சொல்லிவிட்டு, சிறுபான்மைப் பள்ளிகள் விஷயத்தில் பிரமதி தீர்ப்பே சரிதானா என்ற கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது. ஐம்பதை நெருங்கும் ஆசிரியர்கள் கைடு வாங்கிவைத்துப் படிப்பதா வேண்டாமா என்று குழம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

பெண்பிள்ளைகளைச் சேர்த்தால்?

எண்ணிக்கையைக் காப்பாற்ற நிர்வாகங்களுக்குக் கண்ணில் படுகிற சுலபமான வழி இருபாலர் பள்ளியாக்குவது. துறையின் அனுமதி வேண்டும், கழிப்பறை, ஆசிரியைகள், பாதுகாப்பு என்று ஏற்பாடு வேண்டும். அதெல்லாம் செய்யக்கூடியதுதான். பெண்பிள்ளைகள் சேர்ந்தால் ஸ்ட்ரென்த் ஏறும், ரிசல்ட்டும் ஏறும்.

சிக்கல், ரெண்டு தெரு தள்ளி இருக்கிற சிஸ்டர்மார் பள்ளி. இங்கே சேரும் ஒவ்வொரு பெண்பிள்ளையும் அங்கே குறைகிற ஒரு பெயர். அவர்களுக்கும் அதே ஆகஸ்ட் 1 உண்டு, அங்கேயும் ஓர் இயற்பியல் டீச்சர் அடுத்த வருஷம் ஓய்வுபெறப் போகிறார். ஒரே பங்கின் ஞாயிறு பூசையில் முன்வரிசையில் உட்காருகிற இரண்டு நிர்வாகமும் ஒரே ஊரின் குறைந்துவரும் பிள்ளைகளைப் பங்குபோட வேண்டியிருக்கிறது. இரண்டையும் இணைத்து ஒரே பள்ளியாக நடத்தலாம் என்ற யோசனையைச் சொல்பவர்கள் உண்டு. ஒன்று மறைமாவட்டத்தின் சொத்து, மற்றது துறவு சபையின் சொத்து, இரண்டுக்கும் தனித்தனி அங்கீகாரம், தனித்தனிச் சம்பளப் பட்டியல் என்பதால் பேச்சு அதைத் தாண்டி நகர்வதில்லை. அப்படியே இணைந்தாலும், இரண்டு பள்ளியின் ஆசிரியர்களையும் ஒரே ஃபிக்ஸேஷனில் வைத்தால் எத்தனை பேர் சர்ப்ளஸ் ஆவார்கள் என்ற கணக்கை இரண்டு தலைமையாசிரியர்களும் ஏற்கெனவே போட்டுப் பார்த்திருப்பார்கள். பெண்பிள்ளைகள் வந்தாலும் வராவிட்டாலும், ஒன்பதாம் வகுப்புப் பையனைக் கடலிலிருந்து வகுப்புக்குக் கூட்டிவரும் வேலை அப்படியேதான் இருக்கும். அதற்கென்று பணியிடம் எதுவும் எந்த அரசாணையிலும் இல்லை, பைக்கில் போகிற வாத்தியாரின் பெட்ரோலுக்கு எந்தக் கிராண்டும் இல்லை.